தங்கபுஷ்பத்தின் போனில் வந்த மேகம்

உப்பு விளைகிற மண்ணில் பொய் முளைக்காது என்று ஒரு பெரிய மனிதர் எங்கள் ஊர் மேடையில் பேசிவிட்டுப் போனார். பாவம், அவர் பனங்கழியில் அரைமணி நேரத்துக்கு மேல் தங்கியவரில்லை. ஆகவே இதைக் கேட்கிறவர்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

பனங்கழிக்குக் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் உப்புப் பாத்தி. தை பிறந்ததிலிருந்து புரட்டாசி முடிகிறவரைக்கும் உப்புக் காலம், அந்த ஒன்பது மாதமும் வானத்திலிருந்து விழுகிற தண்ணீரின் பெயரை ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும், கேட்டால் வந்துவிடும், வந்தால் வாரிக் குவித்த அம்பாரமெல்லாம் கரைந்து ஓடை வழியே வந்த கடலுக்கே திரும்பிப் போய்விடும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. அதனால் அதை 'விருந்தாளி' என்போம். டீக்கடை டிவியில் வானிலை அறிக்கை வந்தால் சத்தத்தைக் குறைப்போம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது அந்தச் சொல் வருகிற இடத்தில் எல்லாம் ஒன்றுபோல இருமும். ஆனால் குடிக்கிற தண்ணீர் என்று ஒன்று இருக்கிறதே. கிணறு தோண்டினால் கடல்தான் வரும். ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணி லாரி வரும். லாரி வராமல்போன ஏழாம் நாள் எங்கள் ஊரில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, எச்சில் வீணாகிவிடும் என்று.

அந்த ஊரில் ஒரு வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார் சித்திரைவேல். வடக்குப் பாதியில் அவரும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் மகள் பிரவீணாவும். தெற்குப் பாதியில் அவருடைய தங்கை ராசக்கிளியும் அவள் மகள் உமாசெல்வியும். ராசக்கிளியின் புருஷன் உப்பு லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் சுவரில் காலண்டர் மாறிய பிறகுதான் வருவார். பிள்ளைகள் இரண்டும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பிளஸ் ஒன், ஒரே பெஞ்சு.

தங்கபுஷ்பத்துக்குப் பொறாமை என்பது மற்றவர்களுக்கு மூச்சு எப்படியோ அப்படி. ராசக்கிளி வீட்டுக் கோழி இரட்டைக் கரு முட்டை போட்டால் தங்கபுஷ்பத்தின் வலது கண் மூன்று நாள் துடிக்கும். ராசக்கிளிக்குக் காய்ச்சல் வந்தால்கூட, "அவளுக்கு மட்டும் நூத்தி ரெண்டு எப்படி வந்துச்சு? எனக்கு நூறுக்கு மேல ஏறவே மாட்டேங்குதே" என்று தெர்மாமீட்டரை உதறுவாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் அதை ஒளித்து வைத்ததே கிடையாது. நாங்களெல்லாம் பொறாமையைப் பெட்டியில் பூட்டி வைப்போம். அவள் கொடியில் காயப்போடுவாள்.

அந்த வருஷம் பூகோளம் எடுக்கிற பெனடிக்டா மிஸ் வகுப்புக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார். பெங்களூரில் இருக்கிற ஓர் அமைப்பு, உலகம் முழுவதிலுமிருந்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஆன்லைனில் பன்னிரண்டு வாரம் பருவநிலைத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறதாம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு, தமிழில் சொல்லவும் ஆளுண்டு. கடைசி வாரம் தன் ஊரைப்பற்றி எல்லார் முன்னாலும் பேசிக்காட்டுகிற பிள்ளைக்குச் சான்றிதழும் பெங்களூரில் பத்து நாள் முகாமும். பேசாதவர்களுக்கு இரண்டும் கிடையாது.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உருப்படியான போன் ஒன்றுதான், அது தங்கபுஷ்பத்தின் போன், துபாயிலிருந்து அவள் தம்பி அனுப்பியது. பிரவீணா நான்கு பக்கம் எழுதினாள், டியூஷன் சார் உதவியோடு, பனிக்கரடியெல்லாம் வந்தது அதில். உமாசெல்வி எழுதியது இவ்வளவுதான்: 'எங்கள் ஊரில் மழையின் பெயரைச் சொன்னால் அடிப்பார்கள். மழை வந்தால் அம்மாவின் கூலி போகும். வராவிட்டால் தாகம் போகாது. இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாததால் விண்ணப்பிக்கிறேன்.'

அனுப்புகிற பொத்தானை அமுக்குமுன் தங்கபுஷ்பம் தெருவில் நின்று, தெருவே கேட்க, ஒரு வார்த்தை சொன்னாள். "யாருக்குக் கெடைச்சாலும் என் போன்லதான் படிக்கணும். நான் அப்படியெல்லாம் பிரிச்சுப் பாக்கிறவ இல்ல." பிரவீணாவுக்குத்தான் கிடைக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். பத்தாம் நாள் பதில் வந்தது, உமாசெல்விக்கு வரவேற்பு, பிரவீணாவுக்கு நன்றி.

"நன்றி சொல்லுதான். ஆனா எடுத்துக்கிட மாட்டானாம்" என்றாள் தங்கபுஷ்பம். "பனிக்கரடி என்ன பாவம் பண்ணிச்சு?"

"விடும்மா, எனக்கே அவ்வளவு வருத்தமில்ல" என்றாள் பிரவீணா.

"உனக்கு எதுக்குட்டி வருத்தம்? அதுக்குத்தான் நான் இருக்கேன்லா."

சொன்ன சொல்லை விழுங்க முடியாதபடி தெரு முழுக்கச் சாட்சி இருந்ததால், சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்குப் போன் சுவருக்கு மேலாகத் தெற்கே போனது, ஆறரைக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் தங்கபுஷ்பம் அதை ஒரு துணியால் துடைப்பாள், உமாசெல்வியின் கெட்டிக்காரத்தனம் ஏதாவது ஒட்டியிருந்தால் போகட்டும் என்று.

மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிற தாரிணி மேடம், "அவங்கவங்க ஊர் வானத்தை ஒரு நிமிஷம் எல்லாருக்கும் காட்டுங்க" என்றார். உமாசெல்வி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தாள், அங்கேதான் சிக்னல். போனை மேலே திருப்பினாள். சித்திரை மாசத்து வானம், வெளுத்த வேட்டிபோல ஒன்றுமில்லாமல் கிடந்தது. அப்போது போனின் முதுகிலிருந்து, கேமராக் கண் இருக்கிற இடத்திலிருந்து, புட்டுக் குழலிலிருந்து புட்டு வருவதைப்போல மெதுவாக, ஆவி பறக்க, ஒரு மேகம் வந்தது. வந்து, உருண்டு, ஒரு எருமைக்கன்று அளவுக்குத் தேறி, ராசக்கிளியின் மாடிக்கு மேலே ஒரு பனை உயரத்தில் போய் நின்றுகொண்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரவீணா, "ஏட்டி, டேட்டா தீந்துரப் போகுது, மூடு" என்றாள்.

ராசக்கிளி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். "இதை எங்கே கட்ட?" என்று கேட்டாள்.

கட்ட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு அது பெய்தது. அதற்கு அடுத்த நாளும் நான்கு மணிக்குப் பெய்தது. சரியாக இருபது குடம், இளநீர்போல இனிப்பான தண்ணீர், ராசக்கிளியின் மாடியிலும் முற்றத்திலும் மட்டும். சுவர்வரைக்கும் வரும், சுவரின் தலைக்கல்லில் பாதி நனையும், மறுபாதி காய்ந்து கிடக்கும். தங்கபுஷ்பம் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். தெற்குப் பக்கத்து எறும்புகள் குளித்துக்கொண்டிருந்தன. வடக்குப் பக்கத்து எறும்புகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"போன் யாருது?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள்.

"உங்களுதுதான் மதினி" என்றாள் ராசக்கிளி.

"அப்போ மேகம் யாருது?"

"அது நிக்கிற எடம் என்னுதுல்லா மதினி."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஒரு புது மாடு வந்ததை எடுத்துக்கொள்வதுபோலத்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் கூடிப் பார்த்தோம், இரண்டாம் வாரம் குடத்தோடு வந்து பார்த்தோம். பஞ்சாயத்துத் தலைவர் சேர்மத்துரை வரிசை போட்டார், வீட்டுக்குக் குடம் ஒன்று, முறை வைத்து. மின்வாரியத்து ஆள் வந்து கம்பியில் ஈரம் படுகிறதா என்று பார்த்துவிட்டு, படவில்லை என்று எழுதிக்கொண்டு, ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் வேலை மெனக்கெட்டு வந்து நூல் பிடித்து அளந்து, "இது சைனா மேகம், ஆறு மாசம் தாங்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பும்போது வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தப் பயிற்சியின் அடுத்த சுற்றுக்கு எங்கள் ஊரிலிருந்து மட்டும் இருநூற்றுப் பதினோரு விண்ணப்பம் போனது. ஊரில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர்தான். மிச்சமெல்லாம் வயது பதினாறு என்று போட்டுக்கொண்ட பெரியவர்கள், அதில் இரண்டு பேருக்குப் பல்லே கிடையாது.

பயந்த ஒரே ஆள் பாத்தி முதலாளி ஞானதிரவியம் அண்ணாச்சி. மேகம் தடம் மாறிப் பாத்திப் பக்கம் வந்தால் என்ன ஆவது என்று அம்பாரத்துக்கு அம்பாரம் ஓலை மூடி வைத்து, ஆள் நிறுத்திக் காவல் காத்தார். உமாசெல்வி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போனாள். ஊரில் எல்லாரையும் போய்க் கேட்டுவர வேண்டும் என்பது அந்த வாரத்து வீட்டுப்பாடம். "அண்ணாச்சி, நீங்க ஒரு முக்கியமான பங்குதாரர்" என்று ஆரம்பித்தாள். அண்ணாச்சி எழுந்து ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார். பங்கு என்ற வார்த்தையைக் கேட்டால் அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

வகுப்பிலும் யாரும் மேகத்தைப்பற்றி வாயைப் பிளக்கவில்லை. பெரு நாட்டுப் பையன் ஒருவன், தன் ஊர்ப் பனிமலை இளைத்துப்போய் இப்போது தங்கள் அடுப்படியில்தான் படுக்கிறது, சூடு தாங்காமல் முனகுகிறது என்றான். வங்காளத்துத் தீவுப் பெண் ஒருத்தி, தன் பள்ளிக்கூடம் ஆற்றோடு நடந்துபோய் அக்கரையில் உட்கார்ந்துவிட்டது, தினம் தோணியில் போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்றாள். தாரிணி மேடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

இப்படி ஆறு வாரம் போனது. ஆறு வாரமும் நாங்கள் இனிப்புத் தண்ணீர் குடித்தோம், குடித்துவிட்டு ராசக்கிளியின் கூரையைப் பார்த்தோம். முறைக்கு ஒரு குடம் கிடைக்கிறவன், தினமும் தன் முற்றத்திலேயே குளிக்கிறவளைப் பார்த்து என்ன நினைப்பான்? அவள் மருதாணி வைத்தால், 'தண்ணி இருக்கு, வைக்கா' என்போம். உமாசெல்வியின் தலைமுடி ஒரு சாண் வளர்ந்துவிட்டது என்று ஒருத்தி அளந்தே சொன்னாள். ஆனால் யாரும் பொறாமை என்று சொல்லவில்லை. "நமக்கு என்னத்துக்கு? நல்லா இருக்கட்டும்" என்றுதான் எல்லாரும் சொன்னோம், பல்லைக் கடித்துக்கொண்டு. வாய்விட்டுச் சொன்னது தங்கபுஷ்பம் ஒருத்திதான். தினமும் நான்கு மணிக்கு வாசலுக்கு வந்து, "நல்லா பெய்யி, அங்கேயே பெய்யி, ஒனக்குக் கண்ணு தெரியாது பாரு" என்று மேகத்தைத் திட்டிவிட்டு உள்ளே போவாள்.

ஒன்பதாம் வாரம் ராசக்கிளி ஒரு சொம்பு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னமோ இன்னைக்கு உப்பு ஒரு கல்லு கூடிட்டாப்ல இருக்கு" என்றாள், குழம்பைச் சொல்வதுபோல. மறுநாள் இரண்டு கல் கூடியது. பத்தாம் வாரம் மேகம் கடல் தண்ணீராகவே பெய்தது. பதினோராம் வாரம் பெய்ததை அள்ளவே முடியவில்லை, பொறுக்க வேண்டியிருந்தது, கல்லுகல்லாக, வெள்ளை வெளேரென்று, முதல் தர உப்பு. மேகம் கனத்துப் போனது. ஒரு பனை உயரத்தில் நின்றது ஒரு தென்னை உயரத்துக்கு இறங்கி, பிறகு முருங்கை உயரத்துக்கு இறங்கி, கடைசியில் ராசக்கிளியின் மாடியிலேயே நோய் கண்ட எருமைபோலக் காலை மடித்துப் படுத்துவிட்டது. மாடி விரிசல் விட ஆரம்பித்தது.

இப்போது ஞானதிரவியம் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உப்புப் பெய்யிற மேகம்னா அது என் லைசென்ஸுக்குள்ளல்லா வருது" என்று சொல்லிக்கொண்டு, அதைப் பாத்திக்கு இழுத்துப்போக நாலு ஆளும் ஒரு வடமும் கேட்டு அலைந்தார்.

சேர்மத்துரை பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊரைக் கூட்டினார். மேகத்தில் உப்புப் போட்டது யார் என்பது கேள்வி. ஊர் முழுவதும் ஒரே திசையில் திரும்பியது.

"ஏம்மா தங்கபுஷ்பம்" என்றார் சேர்மத்துரை, "ஒரு வாய் தண்ணியில போய் இப்படிப் பண்ணலாமா?"

தங்கபுஷ்பம் எழுந்தாள். சேலை முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

"மேகத்துக்கு உப்பு போடுறது எதுக்கு தலைவரே?"

"எதுக்கு... திருஷ்டி சுத்திப் போடத்தான்."

"சுத்திப் போடுறவ யாரு? அது நல்லாருக்கணும்னு நெனைக்கிறவ. நான் என்னைக்கு அப்படி நெனைச்சேன்? காலையில பல்லு தேய்க்கும்போது ஒரு தரம், மத்தியானம் உலை வைக்கும்போது ஒரு தரம், இந்த மேகம் கருகிப் போகணும், கருகிப் போகணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன். நான் போய் அதுக்குக் கண்ணு கழிப்பனா? என் வீட்டு உப்புச் சாடியை வந்து பாருங்க, மாசி மாசம் அள்ளி வச்சது கைபடாம அப்படியே கெடக்கு!"

சாடியைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சொன்னது அவ்வளவு நியாயமாக இருந்தது.

பிறகு ராசக்கிளி மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நான்தான் மதினி முதல்ல போட்டேன். ஊர்க் கண்ணு எல்லாம் அது மேலதான்னு பயந்து, செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் சுத்தி மேல எறிஞ்சேன். அது வாயத் தொறந்து முழுங்கிட்டு."

"எவ்வளவு போட்ட?"

"ஒரு பெட்டி."

வெளியூரில் திருஷ்டிக்கு உப்பு ஒரு பிடி என்பார்கள். எங்கள் ஊரில் பிடியால் எதையும் அள்ளிப் பழக்கமில்லை, ஓலைப் பெட்டியால்தான் அள்ளுவோம். அடுத்து பெனடிக்டா மிஸ் கையைத் தூக்கினார், சிலுவை போட்டுவிட்டுத்தான் எறிந்ததாகச் சொன்னார். அதற்கடுத்து டீக்கடைக்காரர். அப்புறம் ஒவ்வொருவராக. என் கண்தான் பட்டிருக்குமோ, வெளியே தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் யாருக்கும் தெரியாமல் தன் மாடியிலிருந்து ஒரு பெட்டி உப்பை மூன்று சுற்று சுற்றி மேகத்தின்மேல் எறிந்திருக்கிறோம். பொறாமையே இல்லாத ஊரில் நாற்பத்து மூன்று வீடு, நாற்பத்திரண்டு பெட்டி உப்பு, வாரத்துக்கு இரண்டு தரம். கடைசியாகச் சேர்மத்துரை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் தூக்கினார்.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. தங்கபுஷ்பம் எல்லாக் கையையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"என் மேல பழி போட்டீங்கல்லா? இனி என் போன் சுவரு தாண்டாது" என்றாள். வீட்டுக்குப் போய் அதை அரிசி டிரம்முக்குள் போட்டு, மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அது வியாழக்கிழமை. முந்திய சனிக்கிழமை வகுப்பில் உமாசெல்வி மேகத்தின் சீக்கைச் சொல்லியிருந்தாள். பெரு நாட்டுப் பையன் யோசித்துவிட்டு, "வந்த வழியில்தான் அதனால் மூச்சுவிட முடியும், கடைசி வகுப்பில் கேமராக் கதவு திறக்கும்போது அனுப்பிவிடு, இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பாறையாகிவிடும்" என்று சொல்லியிருந்தான். அந்தக் கடைசி வகுப்பு நாளை மறுநாள். உமாசெல்வி பேச வேண்டியதும் அன்றைக்குத்தான். போன் இல்லாவிட்டால் பேச்சும் இல்லை, சான்றிதழும் இல்லை, பெங்களூரும் இல்லை, மேகமும் செத்துப்போகும், அது செத்து விழுந்தால் மாடியும் விழும். தங்கபுஷ்பம் இத்தனை வாரமாக வேண்டிக்கொண்டதெல்லாம் மொத்தமாகக் கிடைக்கப் போகிறது. அதற்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான், சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் டிரம்மைவிட்டு எழுந்திருக்கக் கூடாது.

சித்திரைவேல் கேட்டுப் பார்த்தார். "உங்க தங்கச்சிக்குப் பரிஞ்சுகிட்டு வாங்க, எங்கிட்டயே வாங்க" என்றாள். ராசக்கிளி சுவரோரம் நின்று அழுது பார்த்தாள். "அழுதாலும் அவ கண்ணுக்கு மட்டும் எவ்வளவு தண்ணி வருது பாரு" என்றாள். பிரவீணா, "அம்மா, அவ பாவம்மா" என்றாள். "நீ அவளவிட நல்லா அழுதுகிட்டு வந்து கேளு, யோசிக்கேன்."

உமாசெல்வி மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள், ஊரில் ஒவ்வொருவரைப்பற்றியும் அவள் எழுதி வைத்திருந்த நோட்டு, யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது பயம் என்று. சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எழுந்து ஞானதிரவியம் அண்ணாச்சியின் ஆபீசுக்குப் போனாள். கால் மணி நேரத்தில் அண்ணாச்சி தன் பெரிய போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடிவந்தார்.

சுவரின் தெற்குப் பக்கம் நின்று உமாசெல்வி சொன்னாள், மெதுவாகத்தான், ஆனால் டிரம்முக்குக் கேட்கிற அளவுக்கு.

"அண்ணாச்சி, உங்க போனே போதும். மேகம் ஒங்க போனுக்குள்ள போச்சுன்னா அப்புறம் நீங்களாச்சு, அதாச்சு. எங்க வேணும்னாலும் தொறந்து விட்டுக்கலாம்."

"பேரு?" என்றார் அண்ணாச்சி.

"உங்க பேருதான் அண்ணாச்சி. பேசும்போது மொதல் வரியே, ஞானதிரவியம் அண்ணாச்சி தந்த போன்லேர்ந்து பேசுறேன்னுதான் ஆரம்பிக்கப் போறேன். உலகம் பூரா கேக்கும்."

வடக்கே டிரம் மூடி விழுந்த சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது.

"என் போன்ல வந்த மேகம் அவன் போன்ல போறதா?" தங்கபுஷ்பம் முற்றத்துக்கு வந்து நின்றாள், முழங்கை வரைக்கும் அரிசி மாவு, கையில் போன். "பன்னிரண்டு வாரம் என் போனுக்குச் சூடு ஏறிச்சு, என் டேட்டா போச்சு, கடைசியில பேரு அவனுக்கா? ஏட்டி உமா, இங்க வா! ஆனா ஒண்ணு, போன் என் கையிலதான் இருக்கும். என் முற்றத்துலதான் இருக்கும். மேகத்துக்கு வேணும்னா அது இங்க வரட்டும்."

அண்ணாச்சி தன் போனைப் பார்த்தார். அதில் அவர் முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஆக, ஐந்து மணிக்கு வடக்கு முற்றத்தில் வகுப்பு நடந்தது. தங்கபுஷ்பம் போனை இரண்டு கையாலும் சாமிப் படம்போல ஏந்திப் பிடித்திருந்தாள். உமாசெல்வி அதற்கு எதிரே நின்று பேசினாள். ஊர் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தது. கட்டம் கட்டமாக உலகத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். உமாசெல்வி உப்பைப்பற்றிச் சொன்னாள், லாரி வராத ஏழாம் நாளைச் சொன்னாள், மழை என்கிற சொல்லை ஆனி மாசத்தில் ஊர் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னாள், சுவரில் இருந்தவர்கள் பழக்கத்தில் இருமினார்கள். நாற்பத்திரண்டு பெட்டி உப்பைச் சொன்னாள். தாரிணி மேடம், "போனைப் பிடிச்சிருக்கிறது யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க அத்தை. எங்க ஊர்லயே மேகத்துல உப்பு போடாத ஒரே ஆளு."

தங்கபுஷ்பம் நெஞ்சை நிமிர்த்தினாள். போன் அசைந்தது. அந்த அசைவைப் பார்த்துத்தானோ என்னவோ, மாடியில் படுத்திருந்த மேகம் தலையைத் தூக்கியது.

எழுந்தது. முதல்முறையாகச் சுவரைத் தாண்டியது. சுவரில் இருந்தவர்கள் குனிந்து வழிவிட்டார்கள். மேகம் தங்கபுஷ்பத்தின் தலைக்கு நேர்மேலே வந்து, கேமராக் கண்ணுக்குள் மூக்கை வைத்து நுழையப் பார்த்தது. உப்பு உள்ளே போகவில்லை. கதவு நிலையில் சாக்குமூட்டை உரசுவதுபோல உரசி உரசி, உப்பெல்லாம் வெளியேயே உதிர்ந்தது, தங்கபுஷ்பத்தின் கொண்டையில், புருவத்தில், தோளில், காலைச் சுற்றி, கணுக்காலுக்கு, முழங்காலுக்கு, இடுப்புக்கு. அவள் போனை விடவில்லை. "ம்... போ, போ" என்று பல்லுக்கிடையில் சொல்லிக்கொண்டிருந்தாள், பிரசவம் பார்க்கிறவளைப்போல. எருமைக்கன்று ஆட்டுக்குட்டியாகி, ஆட்டுக்குட்டி பூனையாகி, கடைசி வால்நுனி உள்ளே போகிற நேரத்தில், உப்பெல்லாம் கழிந்த அந்த நுனியிலிருந்து ஒரு மிடறு தண்ணீர், ஒரே ஒரு மிடறு, அண்ணாந்திருந்த அவள் வாயில் விழுந்தது.

போனுக்குள் பெரு நாட்டுப் பையன் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தான். அவன் பின்னால் அடுப்படியில் ஏதோ முனகுவதை நிறுத்தியது. தாரிணி மேடம் கைதட்டினார். கட்டம் கட்டமாக எல்லாரும் கைதட்டினார்கள். உமாசெல்வியின் பெயருக்கு நேராக ஒரு பச்சை அடையாளம் விழுந்தது. சுவரில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பெரு நாட்டு ஊரை நினைத்து வயிறு எரிந்தோம், இந்தத் தடவை வாய்விட்டே எரிந்தோம், மறைக்கவில்லை.

இடுப்பு வரைக்கும் உப்பில் நின்றுகொண்டிருந்த தங்கபுஷ்பம் கண்ணை மூடி அந்த மிடற்றை வாயிலேயே வைத்திருந்தாள். வெகுநேரம் கழித்து விழுங்கினாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று பிரவீணா கேட்டாள்.

"இனிப்புத்தான்" என்றாள் தங்கபுஷ்பம், நாக்கால் உதட்டைத் துழாவிக்கொண்டே. "ஆனா ராசக்கிளி குடிச்சது இதைவிட இனிச்சிருக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராசக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கொஞ்சம் கூடத்தான் மதினி."